மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: சம்ப் முதல் சுவர் வரை வீட்டுத் தண்ணீர்த் தொல்லைகள்

ஷவரில் தண்ணீர் நூலாக விழுகிறது என்று ப்ளம்பரைக் கூப்பிட்டால் அவர் ஷவரைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவார், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதுவும் நூலாகத்தான் விழும், ஏனென்றால் மொட்டை மாடியில் டேங்க் அடியில் இருக்கிற கேட் வால்வு பாதி மூடிக் கிடக்கிறது. தண்ணீர் விஷயத்தில் குறை தெரிகிற இடம் ஒன்று, குறை இருக்கிற இடம் வேறு. அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: தண்ணீர் வருகிற வழியில் ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் போய், எதுவரை சரியாக இருக்கிறது என்று பார்ப்பது. ஸ்பானரை அப்புறம் எடுக்கலாம்.

நான் மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பார்க்கிற தனி வீடு. கீழே சம்ப், பக்கத்தில் அரை அல்லது 1 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கிற) மோட்டார், சில வீடுகளில் கூடவே போர்வெல்லில் ஒரு சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற மோட்டார்), மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க், அதிலிருந்து சமையலறைக்கு ஒன்று, பாத்ரூம்களுக்கு ஒன்று என்று இறங்குகிற லைன்கள். அபார்ட்மென்ட் என்றால் மோட்டார் பகுதியை விட்டுவிட்டு டேங்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

எதுவும் கெடாத ஒரு நாளில் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, எந்த கேட் வால்வு எந்த லைனுக்கு என்பது. ஒவ்வொன்றாக மூடிப் பார்த்து, பக்கத்துச் சுவரிலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள். கூடவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் முழுக்க மூடித் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் உப்புப் பிடித்து இறுகி, அவசரத்துக்குத் திருப்பும்போது தலை கையோடு வந்துவிடும். இன்னொன்று, காலி டேங்க் நிரம்ப உங்கள் மோட்டாருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பது. கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை குறித்து வையுங்கள். மோட்டாரின் உடல்நிலையைச் சொல்ல இதைவிட நம்பகமான எண் வேறு இல்லை.

குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது

வரிசைப்படி இது முதலில் வராது, ஆனால் இதை முதலில் சொல்லியாக வேண்டும். குழாயிலோ ஷவரிலோ ஈரச் சுவரிலோ லேசாக ஷாக் அடித்தாலும் சோதித்துப் பார்க்கிற வேலை கிடையாது. காலில் செருப்போடு போய் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் கீசரின் ஹீட்டிங் எலிமென்ட் விரிசல் விட்டுத் தண்ணீரில் கரண்ட் கசியும், இல்லையென்றால் மோட்டார் பாடியில் கசியும். இரண்டிலுமே எர்த்திங் சரியாக இருந்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச்) போட்டிருந்தால் உங்களுக்கு ஷாக் அடிக்கும் முன்பே அது விழுந்திருக்கும். ஆகவே ஷாக் அடித்தது என்றால் குறை ஒன்றல்ல, இரண்டு: கசிவும் இருக்கிறது, காப்பாற்ற வேண்டியதும் வேலை செய்யவில்லை. கீசரை மட்டும் மாற்றிவிட்டு எர்த்தைப் பார்க்காமல் விடுகிற எலக்ட்ரீஷியனை விடாதீர்கள்.

சுவிட்ச் போட்டால் மோட்டாரில் சத்தமே இல்லை

எம்சிபி விழுந்திருக்கிறதா, அந்த பாயின்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் முன்பு வரை ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நின்றதென்றால் பாடியைத் தொட்டுப் பார்க்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நல்ல சூடாக இருந்தால் உள்ளே இருக்கிற வெப்பக் காப்பு துண்டித்திருக்கலாம், அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாக ஓடும். ஓடிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், ஏன் சூடானது என்று கீழே உள்ளவற்றில் தேட வேண்டும்.

'உம்'மென்று முனகுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். இந்த நிலையில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் விட்டாலே காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள்) கருகிவிடும், அப்புறம் ரீவைண்டிங் செலவு.

காரணம் மூன்றில் ஒன்று. வோல்டேஜ் குறைவு, கெப்பாசிட்டர் (மோட்டார் கிளம்ப உதவுகிற, மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற உருளை) பலவீனம், அல்லது உள்ளே ஏதோ இறுகிவிட்டது. சாயங்காலம் மட்டும் முனகி, காலையில் ஒழுங்காக ஓடினால் வோல்டேஜ்தான். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180க்குக் கீழே போனால் மோட்டாருக்குக் கிளம்பவே தெம்பு இருக்காது. அடுத்தது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அல்லது எம்சிபியை இறக்கிவிட்டு, மோட்டாரின் பின்பக்க விசிறி மூடி நடுவே தெரிகிற ஷாஃப்டை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிப் பாருங்கள். பல மோட்டார்களில் அதற்கென்றே ஒரு வெட்டு இருக்கும். லேசாகச் சுற்றினால் உள்ளே பிரச்சினை இல்லை, சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். இறுகியிருந்தால் ரொம்ப நாள் ஓடாமல் இருந்து இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், துருவோடு ஒட்டியிருக்கும் (வெளியூர் போய்த் திரும்பியதும் வருகிற தொல்லை இது). இரு பக்கமும் மெதுவாக ஆட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் பேரிங்.

கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். பார்க்க நன்றாக இருந்தும் வலு இழந்திருக்கலாம். புதிது வாங்கும்போது பழையதன் மேல் எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட் எண்ணும் வோல்ட் எண்ணும் அப்படியே இருக்க வேண்டும், "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள், அதிகமானாலும் காயில் சூடாகும். கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். முனைகளைக் கையால் தொடாமல், ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதில் வைத்து வடியவிட்ட பிறகே கழற்ற வேண்டும். இதில் தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், அவருக்கு இது பத்து நிமிட வேலை.

மோட்டார் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

ஆட்களைக் கூப்பிட்டு அதிகம் பணம் செலவாகிற அறிகுறி இதுதான், ஆனால் வீட்டிலேயே தெளிவாகக் கண்டுபிடிக்கக் கூடியதும் இதுதான். முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஷாஃப்டில் இருக்கிற மெக்கானிக்கல் சீல் சூடாகிப் போய்விடும்.

சம்ப் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பல நேரம் இதோடு முடிந்துவிடும். தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஃபுட் வால்வு (உறிஞ்சுகிற பைப்பின் அடி முனையில் இருக்கிற, தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) முனைக்குக் கொஞ்சம்தான் மேலே என்றால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும், அதுவும் கணக்கில் இல்லாத தண்ணீர்தான்.

மட்டம் சரி என்றால் பிரைமிங், அதாவது பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்புவது. பம்பின் மேலே இருக்கிற திருகைத் திறந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவிட்டு, மோட்டாரை ஓட்டாமல் அந்த மட்டத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். இங்கேதான் விடை இருக்கிறது. ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தாலோ, நிரப்பிய பிறகு மட்டம் இறங்கினாலோ, சம்ப்புக்குள் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை: உள்ளே கல்லோ பிளாஸ்டிக் துண்டோ சிக்கியிருக்கும், அல்லது அதன் ரப்பர் தேய்ந்திருக்கும். மட்டம் அசையாமல் நின்று, ஓட்டினால் மட்டும் சிறிது நேரத்தில் தண்ணீர் விட்டுப் போனால், உறிஞ்சுகிற பைப்பில் எங்கோ காற்று நுழைகிறது. தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. பம்போடு சேர்கிற யூனியன், எல்போ, திரெட் போட்ட இடங்கள் ஒவ்வொன்றிலும் கிரீஸையோ பிசைந்த ஈரக் களிமண்ணையோ அப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்த ஜாயின்டை மூடியதும் மோட்டார் இழுக்க ஆரம்பிக்கிறதோ, குறை அங்கே. யூனியன் என்றால் உள்ளே இருக்கிற ஓ-ரிங் மாற்றினால் போதும். யுபிவிசி ஜாயின்டில் விரிசல் என்றால் மேலே எம்-சீல் பூசுவதெல்லாம் ஒரு வாரக் கதை, வெட்டிப் புதிதாக ஒட்டுவதுதான் வழி.

மேலே போய் டேங்கில் விழுகிற தண்ணீரையும் பார்க்கலாம். புஸ் புஸ் என்று துப்பித் துப்பி, வெள்ளையாகக் குமிழோடு விழுந்தால் காற்று கலக்கிறது என்று அர்த்தம்.

செல்ஃப் பிரைமிங் மோட்டார்தானே, எதற்கு ஊற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அதற்கும் பாடிக்குள் தண்ணீர் தங்கியிருந்தால்தான் இழுக்கும். மோட்டாரை எடுத்துச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு முதல் முறை ஊற்றித்தான் ஆக வேண்டும்.

கிணற்றிலிருந்தோ ஆழமான சம்ப்பிலிருந்தோ இழுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே உட்கார்ந்திருக்கிற எந்த மோனோபிளாக்கும் நடைமுறையில் 7, 8 மீட்டருக்குக் கீழே இருந்து உறிஞ்ச முடியாது, எத்தனை எச்.பி. போட்டாலும் அப்படித்தான், ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது வளிமண்டல அழுத்தம், அதன் முழு எல்லையே 10 மீட்டர் சொச்சம். கோடையில் கிணற்று மட்டம் இறங்கியதும் "மோட்டார் வீக்காயிடுச்சு" என்று பெரிதாக மாற்றுவது வீண் செலவு. மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும், அல்லது சப்மெர்சிபிள் போட வேண்டும்.

போர் சப்மெர்சிபிள் என்றால் பேனல் பாக்ஸில் இருக்கிற ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால் மோட்டார் சும்மா சுற்றுகிறது: மட்டம் இறங்கிவிட்டது, அல்லது ஷாஃப்ட் துண்டித்துவிட்டது. வழக்கத்தைவிட அதிகம் என்றால் மணலில் இறுகியிருக்கும், அல்லது கெப்பாசிட்டர். ஒழுங்காக ஓடும்போது எவ்வளவு காட்டுகிறது என்று தெரியாவிட்டால் இந்த மீட்டரால் பயனில்லை, இன்றைக்கே பார்த்துப் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள்.

த்ரீ ஃபேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விசித்திரமான காரணம் உண்டு. தெருவில் ஈபி வேலை நடந்த மறுநாளிலிருந்து தண்ணீர் ஏறவில்லை அல்லது சொட்டுகிறது என்றால் ஃபேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

தண்ணீர் ஏறுகிறது, ஆனால் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம்

குறித்து வைத்த நிமிடக் கணக்கு இங்கே உதவும். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட், ஆகவே இது ஈபி பில்லிலும் தெரியும். ஃபுட் வால்வின் சல்லடையில் குப்பை அடைத்திருப்பது முதல் சந்தேகம். அடுத்தது டெலிவரி பைப் மண்ணுக்கடியிலோ சுவருக்குள்ளேயோ உடைந்து பாதித் தண்ணீர் வழியிலேயே போவது. மோட்டார் ஓடும்போது மட்டும் ஈரமாகிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று பைப் போகிற பாதை முழுக்க நடந்து பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, கடையில் கொடுத்து மாற்ற வேண்டியதுதான்.

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே சொட்டுகிறது என்றால் சீல் போய்விட்டது. சொட்டுதானே என்று விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போய் சத்தம் போட ஆரம்பிக்கும், அப்போது செலவு பல மடங்கு.

ராத்திரி நிரப்பிய டேங்க் காலையில் பாதி

யாரும் தண்ணீர் பிடிக்காத இரவில் இதைச் செய்யுங்கள். டேங்க் உள்ளே மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, அடியில் இருக்கிற எல்லா கேட் வால்வையும் மூடிவிட்டுத் தூங்குங்கள். காலையில் மட்டம் அப்படியே இருந்தால் கசிவு வீட்டுக்குள். மறுநாள் இரவு ஒரு வால்வை மட்டும் திறந்து வையுங்கள், அடுத்த நாள் இன்னொன்று. எந்த லைன் திறந்திருந்த இரவில் இறங்கியதோ அந்த லைன். டேங்கின் விட்டம் 1 மீட்டர் என்றால் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

லைன் தெரிந்ததும் முதல் குற்றவாளி டாய்லெட் ஃப்ளஷ் டேங்க். சத்தமே இல்லாமல் உள்ளே வழிந்துகொண்டிருக்கும். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலத்தை ஊற்றி அரை மணி நேரம் யாரையும் ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். கோப்பையில் நீலம் எட்டிப்பார்த்தால் அடி ரப்பர் வாஷர் பிடிக்கவில்லை. ஆனால் மேலே வழிகிற குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் குறை வாஷரில் இல்லை, மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் போதும்.

எல்லா வால்வையும் மூடியும் மட்டம் இறங்குகிறது என்றால்? டேங்கின் அடியில் அவுட்லெட் நிப்பிள் சுற்றிலும் ஈரமா என்று பாருங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் யாரும் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது: ஏறிய வழியிலேயே இறங்குவது. மோட்டாரிலிருந்து வருகிற பைப்பின் முனை டேங்க் தண்ணீருக்குள் முங்கியிருந்து, கீழே ஃபுட் வால்வும் பிடிக்கவில்லை என்றால், மோட்டார் நின்றதும் சைஃபன் ஆகி டேங்க் தண்ணீர் அந்த முனையின் மட்டம் வரை சம்ப்புக்கே திரும்பிவிடும். இதற்கு அடையாளம், மோட்டார் நின்ற பிறகு ஷாஃப்ட் மெதுவாக எதிர்ப்பக்கம் சுற்றும். சிலர் இதை மாதக்கணக்கில் கவனிக்காமல் அதே தண்ணீரைத் தினமும் மேலே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பைப் முனையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கிற மாதிரி வெட்டிவிடுங்கள், ஃபுட் வால்வையும் மாற்றுங்கள்.

குழாயில் வேகம் இல்லை

ஒரே ஒரு குழாயா, ஒரு பாத்ரூம் முழுக்கவா, வீடு முழுக்கவா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது.

ஒரே குழாய் என்றால் முனையில் இருக்கிற சல்லடை மூடியைத் திருகி எடுத்து, வினிகரிலோ எலுமிச்சைச் சாறிலோ ஓர் இரவு ஊறவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். போர்த் தண்ணீர் வீடுகளில் சில மாதத்துக்கு ஒருமுறை இது செய்தே ஆக வேண்டிய வேலை. சுடுதண்ணீர் மட்டும் மெலிதாக வந்தால் குழாயை விட்டுவிட்டு கீசருக்குப் போகிற ஆங்கிள் காக் வால்வையும் வளைகிற ஹோஸின் இரண்டு முனையையும் பாருங்கள், உப்பு அங்கேதான் அடைக்கும்.

ஒரு லைன் முழுக்க என்றால் மாடியில் அந்த கேட் வால்வு. வால்வின் தலை திரும்பும், ஆனால் உள்ளே இருக்கிற தட்டு உடைந்து கீழேயே கிடக்கும், வால்வு திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

டேங்க் ஒருமுறை முழுக்கக் காலியாகி மறுபடி நிரப்பிய பிறகு ஒரு பாத்ரூமில் மட்டும் தண்ணீர் வரவில்லை, இருமி இருமி நிற்கிறது என்றால் ஏர் பிடித்திருக்கிறது. லைன் எங்கோ கைப்பிடிச் சுவர் மேலோ சன்ஷேட் மேலோ ஏறி இறங்குகிறது, அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொண்டு வழிவிடவில்லை. அந்த லைனில் இருப்பதிலேயே கீழே உள்ள குழாயை முழுக்கத் திறந்து பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அசையவில்லை என்றால் மோட்டார் லைனில் கீழே தோட்டத்துக்கென்று ஒரு குழாய் இருக்குமே, அதிலிருந்து ஹோஸை இழுத்து வந்து அடம் பிடிக்கிற குழாயில் மாட்டி, கீசருக்குப் போகிற ஆங்கிள் காக் வால்வை மூடிவிட்டு, மாடியில் அந்த லைன் வால்வு முழுக்கத் திறந்திருப்பதையும் உறுதி செய்துகொண்டு, அரை நிமிடம் மோட்டாரை ஓட்டுங்கள். காற்று வந்த வழியே டேங்குக்குத் திரும்பும். நிரந்தரமாகத் தீர வேண்டும் என்றால் டேங்க் அவுட்லெட்டை அடுத்து லைனிலிருந்து ஒரு வென்ட் பைப்பை டேங்கின் உயரத்துக்கு மேலே ஏற்றி, முனையைத் திறந்தே விட வேண்டும். வீடு கட்டும்போதே இதைப் போடாமல் ஏன் விடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மேல் மாடியில் மட்டும் எப்போதுமே வேகம் இல்லை என்றால் அது பழுதே இல்லை, கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 கிலோ அழுத்தம். ஷவருக்கு 3 மீட்டர் மேலே டேங்க் இருந்தால் 0.3 கிலோ, அவ்வளவுதான் வரும். ஷோரூமில் பார்த்த அகலமான ரெயின் ஷவர் அதில் மழை பெய்யாது. டேங்கை உயர்த்துங்கள், அல்லது பிரஷர் பம்ப் போடுங்கள்.

குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறது

திருகித் திருகி மூடுகிற பழைய வகை என்றால் வாஷர். லைனை மூடிவிட்டு, தலையைக் கழற்றி, பழைய வாஷரை எடுத்துவிட்டு அதே அளவில் புதிது போட வேண்டும். புதிது போட்டும் சொட்டினால் வாஷர் உட்கார்கிற இடம் அரித்துவிட்டது, குழாயையே மாற்றலாம். கால் சுற்றில் மூடுகிற புதிய வகை என்றால் உள்ளே செராமிக் ஸ்பிண்டில். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள், பல் எண்ணிக்கையும் நீளமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்னும் இறுக்கி மூடினால் நிற்கும் என்று பலம் காட்டுவதுதான் இரண்டு வகையையும் சீக்கிரம் கொல்வது. டெஃப்ளான் டேப் சுற்றும்போது திரெட் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகிற திசையில் சுற்றுங்கள். எதிராகச் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து வெளியே வந்துவிடும்.

தண்ணீர் மஞ்சளாக, கலங்கலாக, நாற்றமாக

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். பால் மாதிரி இருந்து, ஒரு நிமிடத்தில் அடியிலிருந்து தெளிந்தால் வெறும் காற்று. பிடிக்கும்போது தெளிவாக இருந்து சில மணி நேரத்தில் மஞ்சளானால் போர்த் தண்ணீரில் இரும்பு. காலையில் முதல் வாளி மட்டும் பழுப்பு, அப்புறம் தெளிவு என்றால் பழைய ஜிஐ பைப் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் சுடுதண்ணீரில் மட்டும் வந்தால் கீசருக்குள் இருக்கிற ஆனோடு கம்பி, எல்லாத் தண்ணீரிலும் வந்தால் போர் அல்லது டேங்க் அடியில் தேங்கிய சேறு.

மழை பெய்த மறுநாள் சம்ப் கலங்கினால் மூடி வழியாகவோ மழைநீர் வடிகட்டி வழியாகவோ சேறு இறங்குகிறது. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகக் கட்டிய ஜல்லி மணல் தொட்டிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் முன் அந்த ஜல்லியை எடுத்துக் கழுவிப் போடுங்கள், முதல் மழையைச் சம்ப்புக்கு விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள்.

சுத்தம் செய்து நிரப்பிய பிறகு, தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, மேலே இருக்கிற தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். ஆசிட் ஊற்றிக் கழுவிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சம்ப்புக்குள் ஆளை இறக்குவதாக இருந்தால் பல மணி நேரம் முன்பே மூடியைத் திறந்து வைக்க வேண்டும், மேலே இன்னொருவர் நின்றாக வேண்டும். உள்ளே போனவர் மயங்கினால் இவர் குதிக்கக் கூடாது, உதவிக்குக் கத்த வேண்டும். ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப் என்றால் இறங்கவே வேண்டாம், தொட்டி சுத்தம் செய்கிற ஆட்களை மெஷினோடு கூப்பிடுங்கள்.

சுவரில் ஓதம், பெயின்ட் உப்பி உதிர்கிறது

பெயின்டரைக் கூப்பிடுவது கடைசி வேலை. எப்போது ஈரமாகிறது என்று இரண்டு வாரம் கவனியுங்கள். மழை பெய்த பிறகு மட்டும் என்றால் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர் சேருகிற விரிசல், அல்லது அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய். மழை இல்லாத மே மாதத்திலும் ஈரம் குறையவில்லை என்றால் சுவருக்குள் போகிற பைப். டேங்க் சோதனையில் எந்த லைன் கசிந்ததோ அது இதே சுவரில் போகிறதா என்று பார்த்தால் உடைக்கிற இடம் பாதியாகக் குறையும். குளித்து முடித்த பிறகு பக்கத்து அறைச் சுவரோ கீழ் வீட்டுக் கூரையோ ஈரமானால் பாத்ரூம் தரை, முக்கியமாகத் தண்ணீர் போகிற ட்ராப்பைச் சுற்றியுள்ள இடைவெளி. தரைத் துளையை ஒரு துணி மூட்டையால் அடைத்துவிட்டு இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கி அந்தப் பக்கம் நனைந்தால் டைல்ஸ் சந்துகள். துணியை எடுத்து ஊற்றினால் மட்டும் நனைந்தால் ட்ராப்.

தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும், வெள்ளையாக உப்புப் பூத்து ஓதம் ஏறியிருந்தால் அது நிலத்து ஈரம். இதற்கு வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம், மேலே பூசினால் ஈரம் இன்னும் ஒரு அடி உயரத்தில் போய் வெளியே வரும். வெளிப்பக்கம் சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்குகிறதா, செடித்தொட்டி வரிசை இருக்கிறதா, மண் மட்டம் அஸ்திவாரத் தளத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்த பிறகே உள்ளே பூச்சு வேலை.

சந்தேகம் தீரவில்லை என்றால் பிளாஸ்டிக் ஷீட் ஒரு அடி சதுரம் வெட்டிச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் என்றால் ஈரம் உள்ளிருந்து வருகிறது, அறைப் பக்கம் என்றால் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைப்பதே வைத்தியம். கசிவைச் சரிசெய்த பிறகும் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். பட்டி அதற்கு முன்னால் பார்க்கக் கூடாது.

பாத்ரூமில் சாக்கடை வாடை

அடிக்கடி பயன்படுத்தாத பாத்ரூம் என்றால் ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்து, சாக்கடைக் காற்றுக்கு வழி திறந்திருக்கிறது. ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள், பத்து நிமிடத்தில் வாடை போய்விடும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அதன் மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் போங்கள், சீக்கிரம் காயாது. தினமும் குளிக்கிற பாத்ரூமிலேயே வாடை வந்தால் ட்ராப்பின் உள் மூடியை எடுத்துக் கழுவிவிட்டு மறக்காமல் திரும்பப் போடுங்கள். "தண்ணி சீக்கிரம் போகும்" என்று அதை எடுத்துத் தூக்கிப்போட்டுவிடுகிற வீடுகள் நிறைய.